சொல்லு, சாந்தாமணி

"அதுல கை வைக்காதீங்க!"

ரெஹானா கத்தியது இரண்டாவது மாடித் திருப்பத்தில். நான்காவது மாடி வரை கேட்டிருக்க வேண்டும். லிஃப்ட் இல்லை. சரவணம்பட்டிக்கு இன்றைக்குப் பராமரிப்பு மின்தடை. அபார்ட்மென்ட் ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று வாட்ச்மேன் ஏதோ நல்ல சேதி போலச் சொல்லியிருந்தார். சத்தி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் கெஞ்சி வாங்கிய யு.பி.எஸ்.ஸைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அது ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் விலாவில் இடித்தது.

கதவு திறந்திருந்தது. ஹாலில் ஒரு கான்ஸ்டபிள், ஷோகேஸ் மேல் இருந்த திரையின் பின்பக்கம் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"கை எடுங்க சார்! கடைசிச் சொட்டு பேட்டரியில ஓடுது அது."

"தானா அணையப் போவுதும்மா. நாம எடுத்து வெச்சுக்கிட்டா..."

"அது அணைஞ்சா உங்க கேஸும் சேர்ந்து அணைஞ்சுடும். நகருங்க."

தரையில் மண்டியிட்டாள். பிளக்கைச் சுவரிலிருந்து உருவி யு.பி.எஸ்.ஸில் செருகினாள். கறுத்துக்கொண்டே வந்த திரை ஒரு முறை இமைத்தது. பிறகு பளிச்சென்று விழித்தது. ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மழை, நனைகிற வாழை இலை. அந்தப் பொருளுக்குப் பெயரே 'ஜன்னல்'தான்.

ரெஹானா மூச்சு விட்டாள்.

மூடியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"சாந்தாமணி... கரண்டு போயிருச்சா?"

கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போய் சோபாவில் மோதிக்கொண்டார். அவருக்குத் தெரியும், அந்த அறையில் யாரும் இல்லை. குரலுக்குச் சொந்தக்காரரான லோகநாதனை முந்தாநாள்தான் மின்மயானத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

பதில் அடுக்களை வாசலிலிருந்து வந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த பெண், தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்:

"ஆமாங்க. போயிருச்சுங்க."

சோபாவின் மறு முனையிலிருந்த இன்ஸ்பெக்டர் ஞானசேகர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீதான் கம்பெனி ஆளா?"

"சப்போர்ட் இன்ஜினீயர் சார். ரெஹானா."

"உக்காரும்மா. மொதல்ல மூச்சு வாங்கு. அப்புறம் எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லு." அவர் விரலை மடக்கினார். "செவ்வாய்க்கிழமை காலைல குளிக்கப் போன லோகநாதன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காரு. தலையில அடி. டாக்டர் கணக்குப்படி ஒம்பது மணிக்குள்ள உயிர் போயிருக்கு. விழுந்த உடனே தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாருன்னும் எழுதியிருக்காரு. ஆனா இந்தம்மா என்ன சொல்லுது? மத்தியானம் வரைக்கும் எங்கூட பேசிட்டுத்தான் இருந்தாருங்குது. செத்தவரோட தம்பி என்ன சொல்றாரு? அண்ணி பொய் சொல்றா, வேணும்னே சாகவிட்டுட்டாங்கறாரு. புகார் எழுதிக் கொடுத்திருக்காரு. நீ சொல்ற பதில்ல ஒண்ணு இந்தம்மா வீட்ல இருக்கும், இல்லாட்டி எங்கூட ஸ்டேஷனுக்கு வரும்."

"இப்ப கேட்டீங்களே சார் ஒரு குரல். அதான் பதில்."

"அதைக் கேட்டுட்டுத்தான் எனக்கு வேர்க்குது. புரியற மாதிரி சொல்லு."

ரெஹானா திரையைப் பார்த்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது. யு.பி.எஸ். கீச் என்று ஒரு தரம் கத்தியது.

"இதுல துணைக்குரல்னு ஒரு வசதி இருக்கு சார். நாம வேலையா இருக்கும்போது யாராவது கூப்பிட்டா, நம்ம குரல்ல நமக்குப் பதிலா இது பேசும். ரூமுக்கு ரூம் பேட்டரியில ஓடற ஒரு சின்ன ஸ்பீக்கர் வெச்சிருப்போம். எந்த ரூம்ல இருக்கோமோ அங்கேருந்து பேசும்."

"பேசினதெல்லாம் பதிவாயிருக்குமா?"

"இருக்காது. வீட்டுப் பேச்சைச் சேர்த்து வெக்கக் கூடாதுன்னு சட்டம். இதுகிட்ட இருக்கறது பழக்கம் மட்டும்தான். யாருகிட்ட எப்படிப் பேசணும்ங்கற பழக்கம். அப்புறம், நாம வாய்விட்டுச் சொல்ற ஏற்பாடுங்க. 'இத்தனை மணிக்கு எழுப்பு', 'இன்னாரைக் கூப்பிடு'ன்னு. அதை மட்டும் வார்த்தை மாறாம வெச்சுக்கும். எல்லாமே இந்தப் பொட்டிக்குள்ளதான். அடியோட கரண்ட் நின்னா மறந்துடும்."

"அதுக்குத்தான் இந்த ஓட்டமா?" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஏம்மா, இதை எப்ப வாங்கினீங்க?"

சாந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அழுது வீங்கிய முகம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகமாகத்தான் இருந்தது.

"பெங்களூர்ல இருக்கற பொண்ணு அனுப்பிச்சதுங்க. ரண்டு மாசம் இருக்கும். கல்யாண நாளுக்குன்னு. பெரிய கூத்துங்க அன்னிக்கி." அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு. "பொட்டியப் பிரிச்சு வெச்சதும் அது வணக்கம்னு சொல்லிட்டு, இந்த வீட்ல யார் யார் இருக்கீங்க, ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லுங்கன்னு கேட்டுச்சு. நான் எப்படிங்க அவரு பேரைச் சொல்றது? 'அவருதானுங்க'ன்னேன். 'அவருதானுங்க, சரியா?'ன்னு அது திருப்பிக் கேக்குது."

கான்ஸ்டபிள் களுக்கென்று சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அவருக்குக் கோவம் வந்துருச்சு. 'ஏய், ரேஷன் கடையில கேட்டாச் சொல்லுவீல்ல, இதுகிட்டயும் சொல்லித் தொலை'ன்னாரு. ரேஷன் கடையிலயே நான் கார்டைத்தானுங்க நீட்டுவேன். கடைசியா அதுவே எறங்கி வந்து, அவரை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு கேட்டுச்சு. 'ஏனுங்க'ன்னு கூப்பிடுவேன்னேன். அதையே பேராப் போட்டுக்கிச்சு. பாருங்க, பொண்டாட்டி சொல்லாத பேரு மிசினுக்கும் தெரியாமப் போச்சு."

"உங்க பேரை அவரு சொன்னாரா?" ரெஹானா கேட்டாள்.

"நானே சொல்லிக்கிட்டேன் கண்ணு. அதுக்குள்ள அவரு டிவி பாக்கப் போயிட்டாரு."

"துணைக்குரலை யாரு போட்டு விட்டது?"

"தெரியலைங். அவரா இருக்கும். பம்பு கம்பெனியில முப்பது வருசம் மிசின் சத்தத்துல இருந்தவரு. வீட்ல ஒரு சத்தம் ஆகாது. ரூமுக்குள்ள போயி காதுல ஹெட்ஃபோனை மாட்டிட்டு உக்காந்துக்குவாரு. நான் இங்கிருந்து ஏனுங்க ஏனுங்கன்னு கத்திட்டுக் கெடப்பேன். நாலு தரம் கூப்பிட்டா ஒரு 'ம்' வரும். ஆனா பாருங்க..." அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "இந்த ரண்டு மாசமா நெம்ப மாறிட்டாருங்க. ஒரு தரம் கூப்பிட்டாப் போதும். 'சொல்லு சாந்தாமணி'ங்கறாரு. 'சாப்பிட்டியா'ங்கறாரு. 'முழங்கால் வலி எப்படி இருக்குது'ங்கறாரு. ரிட்டயர் ஆனா ஆம்பளைங்களுக்குப் புத்தி வருமாட்ட இருக்குதுன்னு பொண்ணுகிட்டக்கூட சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் ரெஹானாவை நோக்கிக் குனிந்தார்.

"மிசினுக்குப் பாசம் வந்துருச்சுங்கறியா?"

"இல்ல சார். அது வேற மாதிரி." ரெஹானா திரையைக் கைகாட்டினாள். "அவரு அதுக்குக் கொடுத்த வேலை, தன்னைத் தொந்தரவு பண்ணாமப் பாத்துக்கறது. 'ம்'னு சொன்னா அம்மா மறுபடி கூப்பிடுவாங்க. 'வரேன் இரு'ன்னாலும் கூப்பிடுவாங்க. 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா அன்னிக்கிப் பூரா நிம்மதியா இருப்பாங்க. எதைச் சொன்னா இவங்க திரும்பக் கூப்பிடலையோ, அதை அது கத்துக்கிச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஏனோ அவர் சாந்தாமணியைப் பார்க்கவில்லை.

அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு சொன்னாள், "நான் என்னங்க கண்டேன். கூப்பிட்டேன். அவரு குரல் வந்துச்சு. அவருதான்னு நெனைச்சேன்."

"நேர்ல பாக்க முடியுமா இதை?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "செவ்வாய்க்கிழமை நடந்தது எனக்கு இப்ப நடக்கணும்."

ரெஹானா சாந்தாமணியை எழுப்பி அடுக்களைக்கு அழைத்துப் போனாள். பாதி நறுக்கிய புடலங்காய் அரிவாள்மனைப் பக்கத்தில் வாடிக் கிடந்தது. "தினமும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்கம்மா. பயப்படாதீங்க."

"இதுக்கென்ன கண்ணு பயம்."

இன்ஸ்பெக்டர் படுக்கையறைக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றார். கட்டிலில் மடித்து வைத்த போர்வை. தலைமாட்டில் ஹெட்ஃபோன். கதவு திறந்திருந்த குளியலறையில் தரை காய்ந்திருந்தது.

"ஏனுங்க..."

"சொல்லு சாந்தாமணி." இன்ஸ்பெக்டரின் காதுக்குப் பக்கத்தில், அலமாரி மேலிருந்து வந்தது குரல். கரகரப்பு, நடுவில் ஒரு சின்ன இருமல், எல்லாம் இருந்தது.

"குளிச்சாச்சுங்களா?"

"இந்தா ஆச்சு. நீ மொதல்ல சாப்பிடு. எனக்காகக் காத்திருக்காத."

"தோசை ஊத்தட்டுங்களா?"

"மெதுவா ஊத்து. நின்னுட்டே இருந்தா கால் வலிக்குமல்ல. ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்க."

கான்ஸ்டபிள் ஹாலில் இருந்த சாமி படத்தைப் பார்த்து முணுமுணுத்தார். இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"போதும். நிறுத்தச் சொல்லு." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஆக, அந்த மனுசன் உள்ள செத்துக் கெடக்கறாரு. இவங்க தோசை வேணுமான்னு கேக்கறாங்க. இது நீ சாப்பிடுங்குது."

"ஆமா சார்."

"இன்னொண்ணு. வீட்ல பெரியவங்க யாராச்சும் விழுந்தா தானே ஆம்புலன்ஸைக் கூப்பிடும்னு விளம்பரத்துல காட்டறீங்களே? அது ஏன் கூப்பிடல?"

இந்தக் கேள்விக்கு ரெஹானா வழியிலேயே பதில் தயார் செய்திருந்தாள். மேலதிகாரி போனில் சொல்லிக் கொடுத்த பதில். "பாத்ரூமுக்குள்ள மைக் வெக்கறதில்ல சார். கதவைச் சாத்திட்டு ஷவரைத் திறந்துட்டா சத்தம் கேக்காது. கேட்டிருந்தா கட்டாயம் கூப்பிட்டிருக்கும். கூப்பிடலைன்னா கேக்கலைன்னுதான் அர்த்தம்."

"சரியாத்தான் இருக்கு." அவர் தொப்பியை எடுத்தார். "இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துரு. தம்பிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். இந்தம்மா எங்கயும் வர வேண்டாம்." வாசலில் செருப்பைத் தேடியபடி சொன்னார், "எங்க வீட்லயும் இதை வாங்கணும்னு ஆறு மாசமா ஒத்தக்கால்ல நிக்கறா. நான் இன்னிக்கிப் போயி நேர்லயே 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுக்கறேம்மா. சீப்பா முடிஞ்சுரும்."

கான்ஸ்டபிள் அவருக்கு முன்னால் இறங்கிப் போயிருந்தார்.

வீடு அமைதியானது. மின்விசிறி இல்லாத அமைதி. நடுநடுவே யு.பி.எஸ். மட்டும் கீச் என்றது.

சாந்தாமணி ரெஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வராட்டி என்னைய ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க கண்ணு. நல்லா இருப்பே. காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும்."

"இருக்கட்டும்மா. எனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கு." சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. "இறந்து போனவங்க குரலை நாங்க விட்டு வெக்கக் கூடாது. அதை எடுத்துட்டு, உங்களுக்கு மட்டும் புதுசா ஆரம்பிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

சாந்தாமணியின் கை விலகியது.

"எடுத்தே ஆகோணுமா?"

"ஆமாம்மா."

"ஒரே ஒரு குரல்தானே. யாருக்கு என்ன எடைஞ்சல்?"

"அது அவரு இல்லம்மா. உங்களுக்கே இப்பத் தெரிஞ்சுபோச்சு."

சாந்தாமணி முந்தானையைச் செருகிக்கொண்டாள். பிறகு, "சக்கரை தூக்கலாவா, அளவாவா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். கேஸ் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

ரெஹானா திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நூற்றுக்கணக்கான வீடுகளில் செய்த வேலைதான். திரையின் மூலையில் விரலை அழுத்தினாள். மழை நின்றது. வாழை இலை மறைந்தது.

"வணக்கம்," என்றது ஜன்னல், கடையிலிருந்து வந்தபோது இருந்த தன் சொந்தக் குரலில். "புதிதாக ஆரம்பிக்கலாம். இந்த வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்த ஏற்பாடுகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தொடர வேண்டுமா, நீக்க வேண்டுமா என்று சொல்லுங்கள்."

"சொல்லு."

"'ஏனுங்க' சொன்னது: 'அவ கூப்பிட்டா நீயே பதில் சொல்லிக்க. என்னைய எழுப்பாத.'"

"நீக்கு."

"சாந்தாமணி சொன்னது: 'மழை வந்தாச் சொல்லுங்க. கொடியில துணி கெடக்குது.'"

"தொடரட்டும்." ரெஹானா புன்னகைத்தாள். மிசினுக்கும் 'ங்க' போட்டுப் பேசியிருக்கிறாள் இந்த அம்மாள்.

"சாந்தாமணி சொன்னது: 'மத்தியானம் அவரு தூங்கினப்புறம் கூப்பிடுங்க. நாம பேசலாம்.'"

ரெஹானாவின் விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது.

"தொடரவா, நீக்கவா?"

அடுக்களையில் பால் பொங்குகிற வாசனை. சாந்தாமணி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"பிறகு கேட்கிறேன்," என்றது ஜன்னல். "சாந்தாமணி சொன்னது: 'அவரு ஹெட்ஃபோனைக் கழட்டிட்டா நீங்க பேச வேண்டாங்க. அவருக்குத் தெரிஞ்சா உங்களைய அணைச்சுப் போட்டுருவாரு.'"

கீச், என்றது யு.பி.எஸ்.

அவருதான்னு நெனைச்சேன் என்று இந்த ஹாலில் வைத்துத்தானே சொன்னாள்? மூக்குத்தியைத் திருகிக்கொண்டு? பொட்டியைப் பிரித்த அன்றைக்கு அந்த மனுசன் இவளைக் கூப்பிட்டது என்னவென்று? 'ஏய்'. இவள் பெயரை இவளேதான் சொல்லிக்கொண்டாள். சொல்லு சாந்தாமணி என்று ஒரு குரல் முதல்முதலாகக் கேட்டதே, அன்றைக்கே இவளுக்குத் தெரிந்திருக்கும், அது அவர் இல்லை என்று.

பிளக்கில் கை வைத்தாள். ஒரே இழுப்பு. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறந்து போய்விடும். இதைக் காப்பாற்றத்தானே நாலு மாடி ஓடி வந்தோம் என்ற நினைப்பு வந்தது. கை இழுக்கவில்லை.

"கடைசி ஏற்பாடு," என்றது ஜன்னல். "விழுந்த சத்தம் கேட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. இப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தச் சொன்னது சாந்தாமணி. செவ்வாய்க்கிழமை காலை."

அடுக்களையில் பாட்டு நின்றிருந்தது.

ரெஹானா திரும்பினாள். சாந்தாமணி டம்ளரும் டவராவுமாக வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. காப்பியில் ஆவி பறந்தது.

"சாந்தாமணி சொன்ன வார்த்தைகளை வாசிக்கட்டுமா?" என்று கேட்டது ஜன்னல். யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் வாசித்தது.

"'ஆம்புலன்ஸெல்லாம் வேண்டாங்க. அங்க யாரோ ஏய், ஏய்ன்னு கூப்பிடறாங்க. அது என்னையில்ல. எம் பேரு சாந்தாமணி. நீங்க சொல்லுங்க... முழங்கால் வலி எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களே?'"